படம் ஓடுகிறது, வகுப்பு மட்டும் ஏன் திணறுகிறது? இணையத் தாமதத்தை வீட்டிலேயே அளக்க ஒரு வழி

ஆயர் ஈத்தாம் - இரவு எட்டு மணி ஆனால் தோட்டப்புற வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"அம்மா, டீச்சர் பேசுறது வெட்டி வெட்டி வருது. ஒன்னுமே புரியல."

"அப்பா அந்தப் பக்கம் படம் பார்க்குறாரு, அது நல்லாத்தானே ஓடுது? உன் போன்லதான் ஏதோ கோளாறு."

இதில் பிள்ளை சொல்வதும் உண்மை, அம்மா சொல்வதும் உண்மை. ஒரே வீடு, ஒரே இணைய இணைப்பு. ஆனாலும் திரைப்படம் தடையின்றி ஓடும்போது டியூஷன் வகுப்பு திணறுகிறது. சேவை நிறுவனத்தை அழைத்துப் புகார் சொன்னால், வேகத்தைச் சோதித்துவிட்டு "உங்கள் வேகம் சரியாகத்தான் இருக்கிறது" என்ற பதிலே பல சமயங்களில் கிடைக்கிறது. அத்தோடு புகார் முடிந்துவிடுகிறது. பிள்ளையின் சிக்கல் மட்டும் முடிவதில்லை.

காரணம் எளிது. வேகம் என்பது ஓர் அளவு. நேரடி வகுப்புக்கும் காணொளி அழைப்புக்கும் தேவைப்படுவது வேறு இரண்டு அளவுகள். ஒன்று தாமதம். மற்றொன்று ஜிட்டர் எனப்படும் தாமதத் தடுமாற்றம். இந்த இரண்டையும் ஒரு சிறு கணினி நிரல் கொண்டு யாரும் அளந்துவிடலாம்.

வகுப்போடு முடியும் பிரச்சினையல்ல

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோதுதான் இணையத்தின் தரம் எத்தனை முக்கியம் என்பதைப் பல குடும்பங்கள் உணர்ந்தன. தமிழ்ப்பள்ளி மாணவர்களும் இல்லிருப்புக் கற்றலுக்கு மாறினர். அதே ஆண்டு ஜூன் மாதம் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி, இணையத் தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி அமர்ந்த காணொளி நாடு முழுவதும் பேசப்பட்டது.

அதே 2020ஆம் ஆண்டில் அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. மக்கள் வசிக்கும் பகுதிகளில் 4ஜி அலைவரிசையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கும், கைப்பேசி இணையத்தின் சராசரி வேகத்தை வினாடிக்கு 25 மெகாபிட்டிலிருந்து 35 மெகாபிட்டுக்கும் உயர்த்துவது அதன் முதல் கட்ட இலக்கு. 2021 இறுதியில் 3ஜி சேவையும் நிறுத்தப்பட்டது.

இவை தேவையான இலக்குகள்தாம். ஆனால் மக்கள் காதில் அதிகம் விழுந்தவை அலைவரிசை, வேகம் என்ற இரண்டு சொற்களே. வேலைக்கான நேர்முகத் தேர்வு, மருத்துவரோடு காணொளி ஆலோசனை, தூரத்தில் நடக்கும் உறவினரின் இறுதிச் சடங்கை நேரலையில் பார்ப்பது என இன்று பலதும் இணையத்தின் வழி நடக்கின்றன. இவற்றில் குரல் உடைந்தால் வேக எண் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

நாற்சந்திப் பேருந்துக் கணக்கு

ஆயர் ஈத்தாம்காரர்களுக்கு இதை விளக்கப் பேருந்தே போதும். முதலாம் கூட்டரசு சாலையும், பத்து பகாட்டையும் குளுவாங்கையும் இணைக்கும் 50ஆம் கூட்டரசு சாலையும் சந்திக்கும் ஊர் இது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படும் முன்பு, கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடிய வாகனங்கள் இந்த ஊரைக் கடந்துதான் போயாக வேண்டும்.

குளுவாங்கிலிருந்து 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேருந்து ஆயர் ஈத்தாம் வந்து சேர எடுக்கும் நேரம்தான் தாமதம். எல்லாப் பேருந்துகளும் சரியாக 30 நிமிடம் எடுத்துக்கொண்டால், இங்கே நிற்பவருக்கும் 20 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும். தாமதம் உண்டு, தடுமாற்றம் இல்லை.

ஆனால் ஒரு பேருந்து சமிக்ஞை விளக்கில் மாட்டிக்கொள்கிறது. இன்னொன்று செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது. அப்போது ஒரு பேருந்துக்கு 35 நிமிடம் காத்திருக்க வேண்டும். அடுத்தது அதன் பின்னாலேயே 5 நிமிடத்தில் வந்து நிற்கும். புறப்பட்ட இடைவெளிக்கும் வந்து சேர்ந்த இடைவெளிக்கும் உள்ள இந்த மாறுபாடுதான் ஜிட்டர். வழியில் பழுதாகி வராமலே போன பேருந்து, தொலைந்த பொட்டலம்.

இணைய வேகம் என்பது ஒரு மணி நேரத்தில் மொத்தம் எத்தனை பயணிகள் வந்து சேர்ந்தார்கள் என்ற கணக்கு. பேருந்துகள் எவ்வளவு ஒழுங்கில்லாமல் வந்தாலும் அந்த மொத்தக் கணக்கு சரியாகவே இருக்கும்.

திரைப்படம் ஏன் தப்பிக்கிறது?

இணையத்தில் போகும் எதுவும் சிறு சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டே போகிறது. யூடியூப் போன்ற தளங்கள் படத்தின் அடுத்த பல வினாடிகளுக்குரிய பொட்டலங்களை முன்கூட்டியே இறக்கிச் சேமித்து வைத்துக்கொள்கின்றன. வழியில் அரை வினாடி தடங்கல் வந்தாலும் சேமிப்பிலிருந்து படம் ஓடும், பார்ப்பவருக்குத் தெரியாது.

ஆசிரியர் அடுத்த நிமிடம் பேசப்போவதை முன்கூட்டியே சேமிக்க முடியாது. அவர் பேசப் பேசத்தான் பொட்டலம் பிறக்கிறது. வழக்கமான தொலைபேசிக் குரல் முறையில் 20 மில்லிவினாடிக்கு ஒன்றாக, வினாடிக்கு 50 பொட்டலங்கள் புறப்படுகின்றன. ஒரு மில்லிவினாடி என்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒவ்வொரு பொட்டலத்திலும் 160 பைட் குரல், அதோடு முகவரி முதலியவற்றுக்காக 40 பைட். ஆக மொத்தம் வினாடிக்கு 80 கிலோபிட்தான். 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் இது ஒரு மூலைக்குக்கூடப் போதாது. எனவே குரல் உடைவதற்கு வேகக் குறைவு காரணமாக இருப்பது அரிது. பொட்டலங்கள் நேரத்துக்கு வராததே காரணம்.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம்?

கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயர் ஈத்தாமிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர். கம்பியில் அந்தத் தொலைவைக் கடக்க 1.2 மில்லிவினாடி போதும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி இருக்கிறது. அதைக் கடக்க 16 மில்லிவினாடி. சென்னையில் உள்ள மாமாவோடு பேசும்போது வரும் தாமதத்தில் கடல் சேர்க்கும் பங்கு இவ்வளவுதான்.

துணைக்கோள் கதை வேறு. பூமத்திய ரேகைக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் துணைக்கோளுக்கு ஏறி இறங்கவே சுமார் 240 மில்லிவினாடி ஆகும். அது இயற்கையின் எல்லை. எந்த நிறுவனத்தாலும் குறைக்க முடியாது. 550 கிலோமீட்டர் அளவிலான தாழ்ந்த உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற துணைக்கோள்களில் இந்தத் தாமதம் மிகக் குறைவு.

அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக நடக்கும். 400 மில்லிவினாடியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, "நீங்க சொல்லுங்க, நீங்க சொல்லுங்க" என்று நிற்க வேண்டிவரும். ஜிட்டர் 30 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்பது இத்துறையினர் பொதுவாகக் கொள்ளும் அளவு.

பிங் என்னும் பழைய கருவி

தாமதத்தை அளக்கும் எளிய கருவி ஏற்கெனவே எல்லாக் கணினியிலும் இருக்கிறது. அதன் பெயர் பிங். அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பதுபோல், இதுவும் ஒரு பொட்டலத்தை அனுப்பி அது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லும்.

விண்டோஸ் கணினியில் பிங் நான்கு முறை மட்டுமே அனுப்பும். நேரத்தை முழு மில்லிவினாடியில் காட்டும். நான்கு பேருந்தைப் பார்த்துவிட்டுப் பேருந்துச் சேவை எப்படி என்று சொல்ல முடியாது. மேலும் வழியில் உள்ள சில கருவிகள் பிங் பொட்டலங்களைக் கடைசியாகத்தான் கவனிக்கும். குரல் பொட்டலம் போகும் அதே விதத்தில், அதே இடைவெளியில் அனுப்பிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதற்குத்தான் நிரல்.

நிரல் செய்வது என்ன?

இடைநிலைப்பள்ளியில் கணினி பயிலும் மாணவர்கள் பலர் பைத்தான் மொழியை அறிவர். அது இலவசம். அதோடு கூடவே வரும் சாக்கெட், டைம் என்ற தொகுப்புகள் இதற்குப் போதும். நிரல் இரண்டு பகுதி.

அனுப்பும் பகுதி:
1. எண்ணை 0 என்று வை.
2. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறி.
3. எண்ணையும் நேரத்தையும் 160 பைட் பொட்டலத்தில் எழுதி, யுடிபி முறையில் அனுப்பு.
4. எண்ணோடு 1 கூட்டு.
5. 20 மில்லிவினாடி காத்திருந்து, இரண்டாம் படிக்குத் திரும்பு.

பெறும் பகுதி:
1. பொட்டலத்துக்காகக் காத்திரு.
2. வந்த உடனே கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறி.
3. வந்த நேரத்திலிருந்து, பொட்டலத்தில் எழுதியிருக்கும் அனுப்பிய நேரத்தைக் கழி.
4. முந்திய பொட்டலத்துக்குக் கிடைத்த விடையோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கண்டுபிடி.
5. எண் வரிசையில் விடுபட்டவை எத்தனை என்று எண்ணு.

கடிகாரத்தில் ஒரு கவனம் தேவை. கணினியின் சாதாரணக் கடிகாரம் இணையத்தைப் பார்த்து அவ்வப்போது தன்னைத் திருத்திக்கொள்ளும். அளந்துகொண்டிருக்கும்போது அது பின்னோக்கிப் போனால், பொட்டலம் புறப்படும் முன்பே வந்து சேர்ந்ததாகக் கணக்கு வரும். அதனால் பைத்தானில் உள்ள மோனோடோனிக் கடிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். அது பின்னோக்கிப் போகாது.

இரண்டு கடிகாரங்களின் சிக்கல்

அனுப்பும் கணினியும் பெறும் கணினியும் வெவ்வேறு கடிகாரம் வைத்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றைவிட மூன்று நிமிடம் முந்தி இருந்தால், ஒரு வழித் தாமதம் மூன்று நிமிடம் பிழையாகும். ஆனால் ஜிட்டர் பிழையாகாது. இரண்டு பொட்டலங்களிலும் அதே மூன்று நிமிடம் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அது மறைந்துவிடும்.

கடிகாரங்கள் ஓடும் வேகத்திலும் சிறு வேறுபாடு இருக்கும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு என்றால் ஒரு நிமிடத்தில் 3 மில்லிவினாடி விலகும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு பொட்டலங்களுக்கு இடையே அது ஒரு மில்லிவினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஜிட்டரை அது தொடாது.

தாமதத்துக்கு வேறு வழி உண்டு. பெறும் கணினி பொட்டலத்தை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும். போய்வந்த மொத்த நேரத்தை ஒரே கடிகாரம் அளப்பதால் பிழை இல்லை. அதைப் பாதியாக்கினால் ஒரு வழித் தாமதம் தோராயமாகக் கிடைக்கும். தோராயம்தான்; பதிவேற்றும் பாதை பதிவிறக்கும் பாதையைவிட மெதுவாக இருக்கலாம்.

ஐந்து பொட்டலம், ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டு. பொட்டலங்கள் 0, 20, 40, 60, 80ஆம் மில்லிவினாடிகளில் புறப்படுகின்றன. அவை 50, 72, 88, 125, 131ஆம் மில்லிவினாடிகளில் வந்து சேர்கின்றன.

புறப்பட்ட இடைவெளி ஒவ்வொன்றும் 20. வந்த இடைவெளிகள் 22, 16, 37, 6. வேறுபாடுகள் முறையே 2, 4, 17, 14. கூட்டல் கழித்தல் குறியைப் பார்க்க வேண்டாம். இவற்றின் சராசரி 9.25 மில்லிவினாடி.

உலகம் முழுவதும் பயன்படும் முறை இதைவிடச் சற்று நுட்பமானது. ஹென்னிங் ஷுல்ஸ்ரின்னே, ஸ்டீபன் காஸ்னர், ரான் ஃபிரெடரிக், வான் ஜேக்கப்சன் ஆகிய நால்வர் எழுதி 1996 ஜனவரியில் வெளியான ஆர்டிபி விதிமுறையிலும், 2003 ஜூலையில் வந்த அதன் திருத்தப் பதிப்பிலும் இது இருக்கிறது. கூகுள் மீட் போன்ற உலாவி வழி அழைப்புகள் இன்றும் இந்த விதிமுறையின் மேல்தான் நடக்கின்றன.

விதி இதுதான்: புதிய வேறுபாட்டிலிருந்து பழைய ஜிட்டரைக் கழி, விடையை 16ஆல் வகு, அதைப் பழைய ஜிட்டரோடு கூட்டு.

மேலே உள்ள எண்களுக்கு இப்படிச் செய்தால் ஜிட்டர் 0.13, 0.37, 1.41, 2.19 என்று படிப்படியாக ஏறும். ஏதோ ஒரு பொட்டலம் மட்டும் தாமதமானால் அளவு துள்ளாது. தொடர்ந்து தடுமாறினால்தான் ஏறும். 16ஆல் வகுப்பது அந்த நிதானத்துக்காகவே. அதனால் முதல் சில பொட்டலங்களின் எண்ணை நம்பக் கூடாது. ஒரு நிமிடமாவது, அதாவது 3,000 பொட்டலங்களாவது ஓடவிட வேண்டும்.

காத்திருப்பு அறை

ஜிட்டரைச் சமாளிக்க, அழைப்புச் செயலிகள் ஒரு சிறு காத்திருப்பு அறை வைத்திருக்கின்றன. வந்த பொட்டலத்தை உடனே ஒலிக்காமல் சற்று நிறுத்திவைத்துச் சீரான இடைவெளியில் வெளியே விடும்.

மேலே கண்ட ஐந்து பொட்டலங்களின் தாமதம் 50, 52, 48, 65, 51. ஒவ்வொரு பொட்டலத்தையும் புறப்பட்ட 60ஆம் மில்லிவினாடியில் ஒலிப்பது என்று செயலி முடிவு செய்தால், நான்காவது பொட்டலம் 5 மில்லிவினாடி பிந்தி வருகிறது. வந்தும் பயனில்லை, அது தொலைந்ததற்குச் சமம். அந்த இடத்தில்தான் ஆசிரியரின் குரல் வெட்டுப்படுகிறது. 70 என்று முடிவு செய்தால் எல்லாமே தப்பும், ஆனால் பேச்சு முழுவதும் 10 மில்லிவினாடி பிந்தும். ஜிட்டர் கூடக்கூட, ஒன்று குரல் உடையும் அல்லது தாமதம் நீளும்.

குற்றவாளி வீட்டுக்குள்ளும் இருக்கலாம்

அளந்து பார்த்தால் சில வீடுகளில் ஓர் ஆச்சரியம் கிடைக்கும். அண்ணன் திருமணக் காணொளியைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதிவேற்ற வேகம் வினாடிக்கு 5 மெகாபிட். மோடத்தின் வரிசையில் 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் தேங்கி நின்றால், அதன் பின்னால் வரும் தங்கையின் குரல் பொட்டலம் 1.6 வினாடி காத்திருக்க வேண்டும். வகுப்பு நேரத்தில் பதிவேற்றத்தை நிறுத்தினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

வைஃபை அடுத்த காரணம். சுவர்களைத் தாண்டிப் போகும்போது பொட்டலம் சிதைந்தால் மீண்டும் அனுப்பப்படும். அந்த மறு அனுப்பல் ஜிட்டராக வெளிப்படும். மோடத்திலிருந்து கணினிக்கு நேரே கம்பி இழுத்து அளந்து, இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் குற்றவாளி வைஃபையா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

தோட்டங்களில் மூன்றாவது காரணம் செம்பனை. இலைகள் வானலையை உறிஞ்சும். மழையில் நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சும். அலை பலவீனமானால் 4ஜி கோபுரமும் கைப்பேசியும் பிழையான துண்டுகளை மறுபடி மறுபடி அனுப்பும். பொதுவான 4ஜி முறையில் ஒவ்வொரு மறு அனுப்பலுக்கும் சுமார் 8 மில்லிவினாடி கூடும். கைப்பேசியை உயரமான சன்னலோரம் வைத்து மீண்டும் அளந்தால் வேறுபாடு தெரியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இரவு எட்டு மணிக்கு மட்டும் ஜிட்டர் ஏறி, விடியற்காலையில் இறங்கினால், நெரிசல் வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்று பொருள்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு

குரோம் உலாவியில் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் என்னும் உள் பக்கம் ஒன்று உண்டு. கூகுள் மீட் வகுப்பு நடக்கும்போதே வேறொரு தாவலில் அதைத் திறந்தால், அந்த அழைப்பின் ஜிட்டரும் தொலைந்த பொட்டலங்களின் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டிருக்கும். அங்கே ஜிட்டர் வினாடியில் இருக்கும். 0.045 என்று கண்டால் 45 மில்லிவினாடி என்று படிக்க வேண்டும்.

புகாருக்கு எண் வேண்டும்

"லைன் சரியில்லை" என்ற புகாருக்கு "வேகம் சரியாக இருக்கிறது" என்ற பதில் போதுமானதாகிவிடுகிறது. ஆனால் ஒரு வாரம், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு நிமிடம் அளந்து, தேதி, நேரம், தாமதம், ஜிட்டர், தொலைந்த பொட்டலம் என்று ஐந்து பத்தியில் எழுதிய தாளை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. வைஃபையிலா கம்பியிலா அளந்தது என்பதையும் அதில் குறிக்க வேண்டும்.

அந்தத் தாளோடு முதலில் சேவை நிறுவனத்திடம் முறையிட்டுப் புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்திடமும், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் கொண்டு செல்லலாம். ஒரே தோட்டத்தில், ஒரே தாமானில் ஐந்து வீடுகள் ஒரே வாரத்தில் அளந்து ஒன்றாகப் புகார் செய்தால், அது ஒரு வீட்டின் கோளாறு என்று சொல்ல முடியாது.

இதற்கு ஆகும் செலவு, கணினி தெரிந்த ஒரு மாணவரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த மாணவர் தன் வீட்டுக்காக எழுதும் நிரல் அடுத்த வீட்டுக்கும் உதவும். "உன் போன்லதான் கோளாறு" என்று இனி யாரும் ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை. கோளாறு போனிலா, மோடத்திலா, கோபுரத்திலா என்பதை அளந்தே சொல்லிவிடலாம்.